கடல் பாக்டீரியா எப்போது ஒளிரும், எப்போது இருண்டு கிடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஒரே பாக்டீரியாவைப் பற்றித்தான்: அலிவிப்ரியோ ஃபிஷெரி. 2007 வரை விப்ரியோ ஃபிஷெரி என்று அழைக்கப்பட்டது. அதற்கும் முந்தைய கட்டுரைகளில் ஃபோட்டோபாக்டீரியம் ஃபிஷெரி என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். வேறு இனங்கள் மாறுபடும் இடத்தில் அவற்றைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். இதை ஆய்வகத்தில் வளர்க்கும் மாணவர்களுக்கும், வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறோம்.

ஒளி எந்த வேதிவினையில் பிறக்கிறது?

லூசிஃபெரேஸ் என்ற நொதி மூன்று பொருள்களைச் சேர்க்கிறது: ஒடுக்கப்பட்ட ஃபிளாவின், ஆக்சிஜன், 14 கார்பன் நீளமுள்ள டெட்ராடெக்கனால் என்ற ஆல்டிஹைடு. ஆல்டிஹைடு கொழுப்பு அமிலமாகிறது, ஃபிளாவின் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, நீர் உண்டாகிறது. மிஞ்சும் ஆற்றல் சுமார் 490 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலப்பச்சை ஒளியாக வெளியேறுகிறது.

இது மலிவான வேலை இல்லை. நன்றாக ஒளிரும் செல்லில் கரையும் புரதத்தில் சுமார் 5 சதவீதம் லூசிஃபெரேஸாகவே இருக்கும். ஆல்டிஹைடைத் திரும்பத் திரும்பத் தயாரிக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யும் செலவாகிறது. கடல்நீரில் தனியாக மிதக்கும் ஒரு செல் இவ்வளவு செலவு செய்து ஒளிர்ந்தாலும் எந்த மீனின் கண்ணுக்கும் அது தெரியாது. அதனால்தான் இந்த மரபணுக்களுக்கு இவ்வளவு பூட்டுகள்.

எந்தெந்த மரபணுக்கள், எப்படி அமைந்திருக்கின்றன?

ஒரே இடத்தில், எதிரெதிர்த் திசையில் படிக்கப்படும் இரண்டு பகுதிகள். ஒரு பக்கம் லக்ஸ்-ஆர் மட்டும். மறுபக்கம் ஒரே தொடராக லக்ஸ்-ஐ, சி, டி, ஏ, பி, இ, ஜி. இந்தத் தொடரைத்தான் லக்ஸ் ஓபெரான் என்கிறோம். ஏ, பி இரண்டும் லூசிஃபெரேஸின் இரு துணை அலகுகள். சி, டி, இ மூன்றும் சேர்ந்து ஆல்டிஹைடைத் தயாரிக்கின்றன. ஜி ஃபிளாவினை ஒடுக்கித் தருகிறது. லக்ஸ்-ஐ சமிக்ஞை மூலக்கூறைத் தயாரிக்கிறது. லக்ஸ்-ஆர் அதை உணர்கிறது.

இரண்டு பகுதிகளுக்கும் இடையே சுமார் 200 கார இணை நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு இருக்கிறது. முடிவெடுப்பது அங்கேதான். அதில் 20 இணை நீளமுள்ள 'லக்ஸ் பெட்டி' இருக்கிறது. லக்ஸ்-ஆர் புரதம் வந்து உட்காரும் இடம் அது. செல்லின் உணவு நிலையைச் சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைச் சுமந்துவரும் சி.ஆர்.பி. புரதம் உட்காரும் இடமும் அதே துண்டில் உண்டு.

தன்னைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

லக்ஸ்-ஐ தயாரிக்கும் மூலக்கூறின் முழுப்பெயர் 3-ஆக்சோஹெக்சனாயில் ஹோமோசெரின் லாக்டோன். அதன் சங்கிலியில் 6 கார்பன் இருப்பதால் கீழே அதை 6 கார்பன் சமிக்ஞை என்போம். இதன் அமைப்பு 1981இல் கண்டறியப்பட்டது. சிறிய மூலக்கூறு என்பதால் செல்சவ்வைத் தாண்டி வெளியே போகும், உள்ளேயும் வரும். கூட்டம் சிறிதாக இருந்தால் கடலோடு கலந்து போய்விடும். அடைபட்ட இடத்தில் கூட்டம் பெருகினால் வெளியேயும் சேரும், உள்ளேயும் சேரும். உள்ளே போதிய அளவு சேர்ந்ததும் லக்ஸ்-ஆரோடு இணைகிறது. இணைந்த லக்ஸ்-ஆர் இரட்டையாகி லக்ஸ் பெட்டியில் உட்கார்ந்து ஓபெரானைப் படிக்கத் தூண்டுகிறது.

இந்தப் புரிதல் எளிதில் வரவில்லை. புது ஊடகத்தில் விட்ட பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்க, ஒளி மட்டும் சில மணி நேரம் ஏறாமல் நிற்பதை 1960களிலேயே பார்த்துவிட்டார்கள். ஊடகத்தில் ஏதோ தடைப்பொருள் இருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்தபின் ஒளி வருகிறது என்பது அப்போது தந்த விளக்கம். 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு, லூசிஃபெரேஸ் தயாரிப்பே அந்த நேரத்தில் நின்றிருந்து பிறகு தொடங்குகிறது என்று காட்டியது. தடைப்பொருள் நீங்குவதல்ல, பாக்டீரியாவே ஒரு தூண்டியை வெளியிட்டுச் சேர்க்கிறது என்பது அதன்பின் உறுதியானது. அதைத் 'தன்தூண்டல்' என்றார்கள். இன்று எல்லோரும் சொல்லும் 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994இல் வந்தது.

ஒரு மில்லிலிட்டரில் எத்தனை செல் இருந்தால் ஒளி வரும்?

பாடப்புத்தகங்கள் ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. அதுதான் குழப்பத்தின் வேர். செல் தலைகளை எண்ணுவதில்லை. மூலக்கூறின் செறிவைத்தான் உணர்கிறது. ஏறத்தாழ 5 முதல் 10 நானோமோலார் சேர்ந்தால் தூண்டல் தொடங்கும். 10 நானோமோலார் என்றால், ஒரு ஃபெம்டோலிட்டர் கொள்ளளவுள்ள ஒரு செல்லுக்குள் சுமார் 6 மூலக்கூறுகள். அவ்வளவுதான்.

இந்தச் செறிவை எட்டுவது செல்கள் எவ்வளவு வேகமாகத் தயாரிக்கின்றன, எவ்வளவு வெளியே கசிகிறது, எவ்வளவு சிதைகிறது என்ற மூன்றையும் பொறுத்தது. மிகச் சிறிய துளிக்குள் அடைபட்ட சில செல்கள்கூட அதை எட்டலாம். ஓடும் நீரில் அடர்த்தியான படலம்கூட எட்டாமல் போகலாம்.

விளக்கு மெல்ல மெல்ல ஏறாமல் சட்டென்று ஏறுவது ஏன்?

தூண்டப்படும் ஓபெரானின் முதல் மரபணுவே லக்ஸ்-ஐ என்பதால். கொஞ்சம் சமிக்ஞை ஓபெரானைத் திறக்கிறது. திறந்த ஓபெரான் இன்னும் சமிக்ஞையைத் தயாரிக்கிறது. இந்தச் சுழற்சி ஓடத் தொடங்கினால் ஒளி ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறும். சமிக்ஞை கிடைக்காத லக்ஸ்-ஆர் நிலையாக மடிவதில்லை, விரைவில் சிதைக்கப்படுகிறது. அதனால் தொடக்க நிலையில் பொய்த் தூண்டல் குறைவு.

லக்ஸ்-ஐ, லக்ஸ்-ஆர் மட்டும்தானா, மேலே வேறு கட்டுப்பாடு உண்டா?

உண்டு. இதை விட்டுவிட்டுப் படித்தால் ஆய்வகத்தில் பார்ப்பது புரியவே புரியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உணவு. குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. குறைகிறது, சி.ஆர்.பி. வேலை செய்யாது, லக்ஸ்-ஆர் தயாரிப்பு படுத்துவிடுகிறது. ஊடகத்தில் குளுக்கோஸுக்குப் பதில் கிளிசரால் போடச் சொல்வது இதற்காகத்தான். குளுக்கோஸ் ஊடகத்தை அமிலமாக்கி வளர்ச்சியையும் கெடுக்கும்.

இரண்டாவது, இன்னொரு சமிக்ஞை. ஐன்-எஸ் என்ற புரதம் 8 கார்பன் சங்கிலியுள்ள ஆக்டனாயில் லாக்டோனைத் தயாரிக்கிறது. லக்ஸ்-எஸ் தயாரிக்கும் ஏ.ஐ.-2 மூன்றாவது சமிக்ஞை. இவை செல்சவ்விலுள்ள உணரிகள் வழியாக வேலை செய்கின்றன. கூட்டம் குறைவாக இருக்கும்போது உணரிகள் லக்ஸ்-யூ வழியாக லக்ஸ்-ஓ புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய லக்ஸ்-ஓ, கியூ.ஆர்.ஆர்.1 என்ற சிறிய ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்க வைக்கிறது. அந்த ஆர்.என்.ஏ., லிட்-ஆர் புரதத்துக்கான தகவல் ஆர்.என்.ஏ.வை அழிக்கிறது. லிட்-ஆர் இல்லாவிட்டால் லக்ஸ்-ஆர் குறைவு. கூட்டம் பெருகினால் பாஸ்பேட் இறங்குகிறது, சிறிய ஆர்.என்.ஏ. நிற்கிறது, லிட்-ஆர் ஏறுகிறது, லக்ஸ்-ஆர் தயாராகிறது. பரிசோதனைக் குடுவையில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி முதல் 100 கோடி செல்கள் வரும்போது இந்த எட்டு-கார்பன் படி திறக்கிறது. 6 கார்பன் சமிக்ஞையின் முழு ஆட்டம் அதற்கும் மேலே, கணவாயின் ஒளியுறுப்பில் எட்டப்படும் 1000 கோடிக்கு மேற்பட்ட அடர்த்தியில்தான்.

மூன்றாவது, ஆக்சிஜன் நிலை. ஆர்க்-பி உணரியும் ஆர்க்-ஏ அடக்கியும் சேர்ந்து ஓபெரானை அழுத்திப் பிடிக்கின்றன.

கணவாயிலிருந்து எடுத்த இ.எஸ்.114 ஸ்ட்ரெயின் எங்கள் குடுவையில் ஒளிரவே இல்லை. கெட்டுப்போயிற்றா?

கெடவில்லை. அது அப்படித்தான். ஹவாயின் குட்டைவால் கணவாயான யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸின் ஒளியுறுப்பில் பிரகாசமாக ஒளிரும் அதே செல்கள், குடுவையில் ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கலாகிவிடும். வெறும் கண்ணுக்கு இருட்டுதான். 6 கார்பன் சமிக்ஞையை அது குடுவையில் மிகக் குறைவாகத் தயாரிக்கிறது; வெளியிலிருந்து சேர்த்தால் ஒளிரும். ஆர்க்-ஏ மரபணுவை நீக்கிய வடிவம் குடுவையிலேயே நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசமாகிறது.

கணவாய்க்குள் ஏன் ஒளிர்கிறது? அடைபட்ட மடிப்புகளுக்குள் அடர்த்தி மிக அதிகம், சமிக்ஞை எங்கும் ஓடாது. ஒவ்வொரு விடியலிலும் கணவாய் சுமார் 95 சதவீதப் பாக்டீரியாவைக் கடலில் வெளியேற்றிவிடும். மீதமுள்ளவை பகலில் பெருகி இரவுக்குள் மறுபடி வாசலை, அதாவது தூண்டல் தொடங்கும் அளவை, தொடும். வயிற்றடியில் ஒளி விட்டு, நிலவொளியில் தன் நிழல் கீழே விழாதபடி கணவாய் மறைந்துகொள்கிறது. லூசிஃபெரேஸ் இல்லாத பிறழ்வு வடிவங்களைக் கொடுத்தால் முதலில் குடியேறும், ஆனால் ஓரிரு நாளில் எண்ணிக்கை குறைந்துவிடும். ஒளிராத வாடகைதாரரைக் கணவாய் வைத்துக்கொள்வதில்லை.

வகுப்பில் காட்டுவதற்கு இ.எஸ்.114ஐ வாங்காதீர்கள். ஜப்பானிய அன்னாசிமீனிலிருந்து எடுத்த எம்.ஜே.1 தன்னாலேயே நன்றாக ஒளிரும்.

என்ன ஊடகம், என்ன வெப்பநிலை?

ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், சோடியம் குளோரைடு 20 கிராம், கிளிசரால் 3 மில்லிலிட்டர், டிரிஸ் 6 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 7.5க்குக் கொண்டுவந்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். தட்டுக்கு 15 கிராம் அகார். உப்பை மறந்தால் வளராது. வளர்ச்சிக்கு 28 டிகிரி போதும். ஒளி அழகாகத் தெரிய 22 முதல் 24 டிகிரி நல்லது. 250 மில்லிலிட்டர் குடுவையில் 25 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள், காற்று போதாது.

தூண்டல் வளைவை வரையப் பார்த்தோம். தேக்கமே தெரியவில்லை, தொடக்கத்திலிருந்தே ஒளி ஏறுகிறது.

கிட்டத்தட்ட எல்லோரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முந்தைய நாள் வளர்ப்பை 50 மடங்கு நீர்த்துத் தொடங்கியிருப்பீர்கள். அந்த வளர்ப்பில் 1 மைக்ரோமோலார் சமிக்ஞை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 50 மடங்கு நீர்த்தால் 20 நானோமோலார். வாசல் 10க்குள் இருக்க, நீங்கள் தொடங்கும்போதே கதவு திறந்திருக்கிறது.

10,000 மடங்கு நீர்த்துங்கள். சமிக்ஞை 0.1 நானோமோலாருக்கு இறங்கும். செல்கள் பழைய அடர்த்திக்குத் திரும்ப 13 முறைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க வளைவு தெளிவாக விரியும். முதல் சில மணி நேரம் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் கலங்கலே தெரியாது, அதற்குத் தட்டில் காலனி எண்ணிக் கொள்ளுங்கள். கலங்கல் 0.05ஐ எட்டியதும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 600 நானோமீட்டரில் கலங்கலையும் லூமினோமீட்டரில் ஒளியையும் எடுத்து, ஒளியைக் கலங்கலால் வகுத்து வரையுங்கள். சரியாக வந்தால் வளைவு முதலில் கீழே இறங்கும்: பழைய லூசிஃபெரேஸ் பிறக்கும் செல்களுக்குப் பங்காகிக் குறைகிறது, புதிது தயாராவதில்லை. அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுச் செங்குத்தாக ஏறும்.

இன்னொரு பிழை அளக்கும்போது நேர்கிறது. அடர்ந்த வளர்ப்பு குழாயில் அசையாமல் நின்றால் ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். வரிசையில் கடைசியாக அளக்கும் குழாய் மங்கலாகத் தெரிவது அதனால். ஒவ்வொரு குழாயையும் அளக்கும் முன் அதே 10 விநாடி குலுக்குங்கள். அடர்த்தி அதிகமென்றால் புது ஊடகத்தில் 10 மடங்கு நீர்த்து உடனே அளங்கள். வெறும் காய்ச்சிவடித்த நீரில் நீர்த்தால் செல்கள் வெடித்துவிடும்.

சமிக்ஞையை வெளியிலிருந்து எப்படிச் சேர்ப்பது?

6 கார்பன் லாக்டோனின் மூலக்கூறு எடை 213. அதில் 2.13 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் எத்தில் அசிடேட்டில் கரைத்தால் 1 மில்லிமோலார். எத்தில் அசிடேட்டில் லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர் உறைந்த அசிட்டிக் அமிலம் சேர்த்திருக்க வேண்டும்; காரத் தன்மையில் லாக்டோன் வளையம் திறந்து செயலிழந்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

பயன்படுத்தும்போது 10 மடங்கு நீர்த்து, அதில் 5 மைக்ரோலிட்டரைக் காலிக் குழாயின் அடியில் விட்டு முழுக்க உலரவிடுங்கள். பிறகு 5 மில்லிலிட்டர் வளர்ப்பை ஊற்றினால் 100 நானோமோலார் கிடைக்கும். உலரும் முன் ஊற்றினால் கரைப்பான் செல்களைக் கொல்லும். ஒளி வராததற்குச் சமிக்ஞையைக் குறை சொல்வீர்கள். கரைப்பான் மட்டும் உலர்த்திய குழாய் ஒன்றும் ஒப்பீட்டுக்கு அவசியம். வளர்ப்பு ஊடகம் இரவு முழுக்க பி.எச். 8க்கு மேல் ஏறினாலும் லாக்டோன் சிதைந்துபோகும். டிரிஸ் சேர்ப்பதன் காரணம் அதுவும்தான்.

இருண்டுபோன காலனியில் எந்தப் படி பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் கண்ணைச் சரிசெய்யுங்கள். முழு இருட்டில் 10 நிமிடம் இருந்தபின் பாருங்கள். நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் மங்கல் ஒளி தெரியும்.

அடுத்து ஆக்சிஜன். குழாயைக் குலுக்கினதும் மேலிருந்து கீழாக நீலம் பரவினால் மரபணுக்கள் நலமாகத்தான் இருக்கின்றன.

அடுத்து ஆல்டிஹைடு. தட்டைக் கவிழ்த்து, மூடியின் உட்புறத்தில் 2 அல்லது 3 மைக்ரோலிட்டர் டெக்கனாலை வைத்து மூடி, ஒரு நிமிடம் விட்டு இருட்டில் பாருங்கள். இது 10 கார்பன் ஆல்டிஹைடு, எளிதில் ஆவியாகும், இயற்கையான 14 கார்பனுக்குப் பதிலாக நன்றாகவே வேலை செய்யும். ஆவி பட்டதும் காலனிகள் ஒவ்வொன்றாக விழித்தால் லூசிஃபெரேஸ் இருக்கிறது, பழுது சி, டி, இ மரபணுக்களில். டெக்கனாலை அதிகம் வைத்தால் லூசிஃபெரேஸையே தடுத்துவிடும். வாசனையும் தலைவலி தரும்.

ஆல்டிஹைடுக்கும் அசையாமல், லாக்டோன் சேர்த்ததும் ஒளிர்ந்தால் பழுது சமிக்ஞைத் தயாரிப்பில். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் லக்ஸ்-ஆர், அல்லது ஏ, பி மரபணுக்கள், அப்போது டி.என்.ஏ. வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பத் திரும்பத் தட்டு மாற்றினால் இருண்ட பிறழ்வுகள் தாமாகவே பெருகும், ஒளியின் செலவு மிச்சம் என்பதால் அவை வேகமாக வளரும். நல்ல பிரகாசமான ஒரு காலனியை 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

இந்த மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்தால் ஒளிருமா?

ஒளிரும். எங்கப்ரெக்ட், நீல்சன், சில்வர்மேன் மூவரும் 1983இல் சுமார் 9,000 இணை நீளமுள்ள ஒரே துண்டை ஈ.கோலைக்குள் செலுத்தினார்கள், ஒளி மட்டுமல்ல, கூட்டம் சேர்ந்தபின் தூண்டப்படும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்தது. கட்டுப்பாட்டுக்குத் தேவையான அடிப்படை அனைத்தும் அந்தத் துண்டிலேயே இருந்தன என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

ஆனால் ஈ.கோலை என்றதும் கை தானாக 37 டிகிரிக்குப் போகும். ஃபிஷெரியின் லக்ஸ்-ஆரும் லூசிஃபெரேஸும் அந்தச் சூட்டில் சரியாக மடியாது. 30 டிகிரிக்குள் வையுங்கள். 37 டிகிரியில்தான் வேண்டும் என்றால் ஃபோட்டோராப்டஸ் லூமினெசென்ஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் லக்ஸ் மரபணுக்களைப் பயன்படுத்துங்கள்.

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் இரவில் ஒளிரும் விப்ரியோவும் இதே முறையா?

அது பெரும்பாலும் விப்ரியோ ஹார்வேயி, அல்லது அதன் நெருங்கிய உறவான விப்ரியோ கேம்பெல்லி. கட்டுப்பாடு வேறு. அங்கே மூன்று சமிக்ஞைகளும் ஒரே லக்ஸ்-யூ, லக்ஸ்-ஓ வழியில் கூடி, ஐந்து சிறிய ஆர்.என்.ஏ.க்கள் வழியாக லக்ஸ்-ஆரைக் கட்டுப்படுத்துகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த லக்ஸ்-ஆரும் ஃபிஷெரியின் லக்ஸ்-ஆரும் உறவில்லாத புரதங்கள். உண்மையில் அது லிட்-ஆரின் உறவு. இந்தப் பெயர்க் குழப்பத்தில் தவறான பிரைமர் (மரபணுவைப் பெருக்கப் பயன்படும் சிறு டி.என்.ஏ. துண்டு) வாங்குவோர் உண்டு.

சந்தையில் வாங்கிய மீனிலிருந்து ஒளிரும் பாக்டீரியாவை எடுக்க முடியுமா?

முடியும். காரல் மீன் நல்ல தேர்வு. அதன் உணவுக்குழாயைச் சுற்றியுள்ள ஒளியுறுப்பில் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி வாழ்கிறது. அதன் நெருங்கிய உறவான ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் நம் மண்டபத்தின் பெயரைத் தாங்கியது. அதன் ஓபெரானில் லக்ஸ்-எஃப் என்ற கூடுதல் மரபணு ஒன்று உண்டு. இவ்விரண்டிலும் ஒளி மரபணுக்களுக்குப் பக்கத்தில் ஃபிஷெரியில் இருப்பதுபோல் லக்ஸ்-ஐ, லக்ஸ்-ஆர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழாய்நீரில் கழுவாத மீனை வாங்குங்கள். 3 சதவீத உப்புநீரில் பாதி மூழ்கும்படி தட்டில் வைத்து, 18 முதல் 20 டிகிரியில் ஒரு நாள் விட்டு இருட்டில் பாருங்கள். ஒளிரும் புள்ளியைக் கம்பி வளையத்தால் தொட்டு மேலே சொன்ன அகாரில் கீறுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் வைத்தால் அழுகவைக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். அந்த மீனைச் சமைக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியது இதனால்தானா?

இல்லை. அது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. அலை உடையும் அதிர்ச்சியில் பளிச்சென்று மின்னி அணையும். பாக்டீரியாவின் ஒளி அசைவுக்காகக் காத்திருக்காது, சீராக நீடிக்கும். 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் மூன்று இரவுகள், சுமார் 15,400 சதுர கிலோமீட்டர் கடல் பால்போல் ஒளிர்ந்ததைச் செயற்கைக்கோள் பதிவுசெய்தது. அதற்குத்தான் ஒளிரும் பாக்டீரியா காரணம் என்று கருதப்படுகிறது.

நீரில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க இந்தப் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்களே, அதுவும் மரபணுக் கட்டுப்பாடா?

அங்கே கட்டுப்பாட்டுக்கு நேரமே தருவதில்லை. ஏற்கெனவே முழுக்கத் தூண்டப்பட்ட செல்களை 2 சதவீத உப்பில், 15 டிகிரியில், மாதிரி நீரோடு கலந்து 5, 15, 30 நிமிடங்களில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள். நச்சு செல்லின் சுவாசத்தைக் கெடுத்தால் ஒடுக்கப்பட்ட ஃபிளாவின் குறைகிறது, ஒளியும் உடனே குறைகிறது. மாதிரியே கலங்கலாகவோ நிறமாகவோ இருந்தால் ஒளியை அதுவும் விழுங்கும். நச்சில்லாத நீரும் நச்சாகத் தெரியும். அதனால் நிறத்துக்கான திருத்தத்தைத் தனியாகச் செய்யாமல் முடிவை எழுதக் கூடாது.